கோட்டுக்கு வெளியே

“இந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில நிக்க மாட்டேங்குது, டீச்சர்.”

மறுநாள் மருதையனுக்கு நேர்காணல். ஒரு பள்ளிக்கூடத்தில் கபடிப் பயிற்சியாளர் வேலை. முட்டி உடைந்து படுத்தே கிடந்தவன் எப்படி மீண்டான் என்று ஆங்கிலத்தில்தான் கேட்பார்களாம்.

“எந்த வார்த்தை?”

“பவுன்ஸ் பேக்.”

ரெஜினா டீச்சர் டயர் கடை மாடியில் ஆங்கிலம் பேசச் சொல்லித் தருபவர். அவனைவிட வயதில் சின்னவர். மேசை இழுப்பறையிலிருந்து ரப்பர் பந்தை எடுத்துத் தரையில் போட்டார். அது எழும்பி அவர் கைக்கே வந்தது.

“விழுந்தது திரும்ப எழும்புறது. அவ்வளவுதான். சொல்லுங்க.”

“ஐ பவுன்ஸ்ட் பேக்.”

“சரியாத்தானே இருக்கு?”

“அர்த்தம் புரியுது. சொன்னா பொய் சொல்ற மாதிரி இருக்கு. நான் என்ன பந்தா, டீச்சர்? விழுந்த எடத்துலயே கெடந்தேன். ஒரு நாள்கூட நானா எழும்பல.”

டீச்சர் பந்தை உள்ளே வைத்தார். சாக்பீஸால் தரையில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

“இது உங்க களம். நீங்க அவுட்.”

அவன் சிரித்தான். “யாரு தொட்டா?”

“நான்தான். கெளம்புங்க.”

கோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தான். டீச்சர் யாருடைய பரீட்சைத் தாளையோ திருத்த ஆரம்பித்துவிட்டார்.

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.

“டீச்சர், நான் எப்ப உள்ள வர்றது?”

“என்னைக் கேட்டா? ஆட்டம் உங்களுது.”

“நம்மாளு ஒருத்தன் எதிரணிக் களத்துக்குள்ள ரைடு போய், எதிராளியத் தொட்டுட்டு வரணும். அப்பத்தான் வெளிய இருக்கறவன் உள்ள வரலாம்.”

“நீங்களா எழுந்து வந்துட்டா?”

“அய்யோ, அது தப்பாட்டம்!”

“ம்.” அவர் தலை நிமிரவில்லை. “இப்ப நடக்குறீங்க. மாடிப்படி ஏறி வர்றீங்க. உங்களுக்காக ரைடு போனது யாரு?”

மருதையன் தன் முட்டியைத் தடவிப் பார்த்தான்.

அவன் மனைவி செங்கமலம் அதுவரை வேலைக்கென்று வாசல் தாண்டாதவள். அவன் விழுந்த மாதமே நூல் மில்லுக்குப் போனாள். ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்து உட்காருவாள். முகம்கூடக் கழுவாமல், அவன் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து மடக்கி மடக்கி நீட்டுவாள். வலியில் அவன் கண்டபடி ஏசுவான்.

“நல்லாத் திட்டுங்க. மூச்சு விடாமத் திட்டுங்க. கபடிக்காரர்தானே” என்பாள்.

கீழே காற்றடிப்பது நின்றது.

டீச்சர் பேனாவை மூடினார். நேர்காணல் அதிகாரியின் குரலில் கேட்டார்.

“ஹவ் டிட் யூ பவுன்ஸ் பேக், மிஸ்டர் மருதையன்?”

அவன் எழுந்தான். கோட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னான்.

“மை வைஃப் வென்ட் ஃபார் ரைடு, சார்.”

பிறகு முட்டியை மடக்கிக் குனிந்தான். கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

“ஐ பவுன்ஸ்ட் பேக்.”