யானை சுமந்த ஓலை

வெகு காலத்துக்கு முன்னால், மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த வேங்கூர் நாட்டை மாவண்ணன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் மனசு ஒரு நிலையில் நிற்காது. காலையில் ஒருவருக்குக் குதிரையைப் பரிசாகக் கொடுப்பார். சாயங்காலம் ஆளனுப்பி அதே குதிரையை இரவலாகக் கேட்பார்.

மலைநாட்டுத் தலைவன் சேந்தன் அவருக்கு உயிர் நண்பன். இருவரும் ஒரே ஆசானிடம் சிலம்பம் கற்றவர்கள். ஒருநாள் சேந்தனிடமிருந்து ஓலை வந்தது. அமைச்சர் மருதனார் அதைச் சபையில் படித்தார்.

"மாவண்ணா, இங்கே மழை விட்டுவிட்டது. எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். மூக்கு உன் மூக்கு மாதிரியே பெரிசு. நீ இல்லாமல் பலாப்பழம் தின்னப் பிடிக்கவில்லை. வா."

ராஜா தன் மூக்கைத் தடவிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

சபையில் விருத்தகிரி என்றொரு புலவர் இருந்தார். ராஜா எதற்கெடுத்தாலும் அமைச்சரையே கேட்கிறாரே என்று அவருக்கு நெடுநாள் புகைச்சல். அவர் மெல்ல எழுந்தார்.

"அரசே, அவ்வளவுதானா ஓலை?"

"அவ்வளவுதான். ஏன்?"

"ஒன்றுமில்லை. மிளகு வியாபாரிகூடத் தங்களுக்கு ஓர் ஏடு நிறைய எழுதுகிறான். உயிர் நண்பர் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டாரே என்று பார்த்தேன். அன்பு இருக்கிற அளவுக்குத்தானே எழுத்தும் வரும்?"

ராஜாவின் சிரிப்பு அப்படியே அணைந்துபோனது. "மருதனாரே, இனி நண்பர்களுக்கு எழுதும் ஓலையெல்லாம் புலவர் பொறுப்பு. அன்பு என்றால் என்ன என்று சேந்தனுக்குக் காட்டுங்கள், புலவரே!"

புலவர் காட்டினார். அவர் எழுதிய ஓலைக் கட்டுகளை யானைமேல்தான் ஏற்ற முடிந்தது. ராஜா ஒரு வரிகூடப் படிக்காமல் முத்திரை போட்டார். யானை மலையேறிப் போனது.

பதில் வரவில்லை. கோடை போய் அடுத்த மழையே தொடங்கிவிட்டது.

"பார்த்தீர்களா அரசே, மதிக்கவே இல்லை!" என்றார் புலவர்.

ராஜா சிம்மாசனத்தின் கையில் ஓங்கி அடித்தார். "கணவாயை மூடுங்கள்! நம் உப்பு ஒரு மூட்டைகூட மலைக்குப் போகக் கூடாது."

உப்பு போகாவிட்டால் மலைநாட்டார் என்ன செய்வார்கள்? வாளோடு இறங்கி வருவார்கள். மருதனார் சற்று யோசித்தார்.

"உத்தரவு, அரசே. அதற்கு முன் ஒன்று. மலைநாட்டு விஷயமாக யானைமேல் ஏற்றிய ஓலை ஒன்று என்னிடம் இருக்கிறது. படிக்கட்டுமா?"

"யானைமேலா!" ராஜாவின் முகம் மலர்ந்தது. "சேந்தன் எழுதிவிட்டானா? படியும், படியும்!"

அமைச்சர் கட்டை அவிழ்த்தார். சூரிய குலத்தின் பெருமையில் தொடங்கியது ஓலை. ராஜா தலையாட்டிக் கேட்டார். பிறகு பாட்டனார்களின் வீரம். பிறகு கடல் வர்ணனை. ராஜா கொட்டாவி விட்டார். சமையற்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அமைச்சரே, குழந்தையைப் பற்றி ஏதாவது வருகிறதா?"

"இன்னும் இல்லை, அரசே. இப்போதுதான் சந்திரன் உதிக்கிறான்."

விருத்தகிரிக்கு முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் தன் எழுத்தாயிற்றே, பொறுக்க முடியவில்லை. "அரசே, அந்தச் சந்திர வர்ணனையில் ஒரு நயம்..."

"உட்காரும் ஐயா! பசி உயிர் போகிறது." ராஜா எழுந்தே விட்டார். "இதை எழுதியவனுக்கு என்னிடம் பேச ஆசை இருந்ததா இல்லையா? எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டானா? சேந்தன் இப்படி மாறிப்போனானே!"

மருதனார் கடைசி ஏட்டை நீட்டினார். "இது சேந்தன் எழுதியதில்லை, அரசே. நாம் அனுப்பிய ஓலையைப் பார்த்து எழுதி வைத்த படி. அதற்குப் போட்டதுபோல் இதற்கும் தாங்கள் போட்ட முத்திரைதான் கீழே இருக்கிறது."

ராஜா முத்திரையைப் பார்த்தார், புலவரைப் பார்த்தார், மறுபடி முத்திரையைப் பார்த்தார்.

"இதையா அவனுக்கு அனுப்பினேன்? அவன் எப்படிப் படித்திருப்பான்?"

"இன்னும் படித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அதனால்தான் பதில் வரவில்லையோ என்னவோ."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சபை முழுக்கத் தொற்றிக்கொண்டது. ராஜாவும் சிரித்தார், ஆனால் காது சிவந்திருந்தது.

"சரி! இன்று முதல் நண்பர்களுக்கு யார் எழுதினாலும் நாலே வரி. சட்டம்!"

"வேண்டாம், அரசே. நாளை ஒருவருக்குத் தாய் தவறிப்போனால் நாலு வரி போதுமா?"

"பின்னே எவ்வளவுதான் எழுதுவது?"

"நண்பர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிற இடம் ஒன்று வரும். அங்கே எழுத்தாணியைக் கீழே வைத்துவிடுங்கள்."

ராஜா அன்று தானே எழுதினார், கோணல் எழுத்தில். "சேந்தா, யானை கொண்டுவந்ததைப் படிக்காதே, அடுப்பில் போடு. உன்மேல் வீணாகக் கோபப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது. குழந்தைக்கு என்ன பேர் வைத்தாய்?"

கணவாய் திறந்தே இருந்தது. அமைச்சருக்கு ராஜா தன் முத்து மாலையைப் போட்டார்; இந்தத் தடவை திருப்பிக் கேட்கவில்லை. ஓலையை நடந்தே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டு வரும்படி புலவரை அனுப்பினார்.

புலவர் திரும்பவில்லை. சேந்தனின் பதில் மட்டும் வந்தது. "பேர் வள்ளி. பகலெல்லாம் அழுகிறாள். உன் புலவர் பாட்டுப் படித்தால் மட்டும் உடனே தூங்கிவிடுகிறாள். கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமே."

மார்கழியில் மருதனாருக்கு மலையிலிருந்து தனியாக ஓர் ஏடு வந்தது. எழுதியவர் விருத்தகிரி.

"ஐயா, இங்கே குளிர் தாங்கவில்லை. ஒரு கம்பளி அனுப்புங்கள். பேச ஆளில்லை. நீங்கள் நலமா?"

மருதனார் அதை இரண்டு முறை படித்தார். அன்றைக்கே கம்பளியை அனுப்பிவிட்டு, பதில் எழுத உட்கார்ந்தார்.