முரசுக்காரரின் பத்தியம்

ஹே பெங்குக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. துணிக்கடையை விட்டுவிட்டு, நரைத்த பிறகு மருத்துவம் கற்க வந்தவர் அவர். அவருடைய குரு யூ லான் வயதில் இளையவர். முதல் நோயாளி தேறினால் தனியாக வைத்தியம் பார்க்கலாம் என்று குரு சொல்லியிருந்தார். அதைப் பார்க்கத்தான் இப்போது இருவரும் நோயாளியின் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

நோயாளி தாங், ஊரின் டிராகன் படகில் துடுப்புக்காரர்களுக்குத் தாளம் கொடுக்க முரசு அடிப்பவர். ஈரலில் சூடேறி, கண் சிவந்து, வாய் கசந்து கிடந்தார். ஹே பெங் பத்தியத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. பச்சைக் கீரை, சாமந்திப்பூத் தேநீர், கொஞ்சம் புளிப்பு. மதுவின் வாசனைகூட ஆகாது. பொழுது சாய்ந்தால் படுக்கை. வாசலைத் தாண்டக் கூடாது.

அன்றைக்குப் படகுப் போட்டி. ஆற்றிலிருந்து முரசுச் சத்தம் வீடு வரைக்கும் வந்தது.

"பத்தியம் எப்படி?" யூ லான் கேட்டார்.

"நூல் பிசகாமல் நடக்கிறது, குருவே."

தாங் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நாடியைப் பாருங்கள்."

ஹே பெங் விரல் வைத்தார். நாடி வில்லின் நாண் போல விறைத்திருந்தது. முதல் நாளைவிட மோசம். தனி வைத்தியம் கைநழுவிவிடுமோ என்று பயந்தார்.

குரு தாங்கிடம் கேட்டார். "இன்று உங்கள் முரசை யார் அடிக்கிறார்கள்?"

"என் மைத்துனன்." தாங் பல்லைக் கடித்தார். "தாளமே தெரியாதவன்."

யூ லான் போய்க் கதவைத் திறந்தார். "கிளம்புங்கள்."

தாங் செருப்பைக்கூடத் தேடவில்லை. அவர் ஓட, பின்னாலேயே குருவும் சீடரும் ஓடினார்கள். படகு புறப்படும் நேரம். மைத்துனன் கையிலிருந்து முரசுக்கோலைப் பிடுங்கிக்கொண்டு தாங் உட்கார்ந்தார். அப்புறம் கரையே அதிர்ந்தது. துடுப்புகள் எல்லாம் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன. ஹே பெங் தம் பயத்தை மறந்து, தொண்டை கிழியக் கத்தினார். யாரென்றே தெரியாத ஒரு மீனவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

படகு இரண்டாவதாகத்தான் வந்தது. தொப்பலாக நனைந்த தாங், வாயெல்லாம் பல்லாக வந்து கையை நீட்டினார்.

மூச்சு ஆறியதும் ஹே பெங் நாடி பார்த்தார். நாண் தளர்ந்திருந்தது. அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"அப்படியானால் என் கீரையும் தேநீரும் தப்பா, குருவே?"

"தப்பில்லை. நாளைக்கும் அதையே கொடுங்கள். ஆனால் ஒவ்வொரு வாய்க் கீரையோடும் அவர் கோபத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கிறாரே. அதற்கு என்ன பத்தியம் வைத்தீர்கள்?"