பேச ஒன்றுமில்லாத டப்பா

தறிப்பட்டறை முதலாளி நல்லசிவம் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வாங்கி வீட்டில் வைத்தார். அவர் மனைவியோ கேட் பக்கம் நாற்காலி போட்டு, வாட்ச்மேன் ஒச்சப்பனின் ஓட்டை ரேடியோவில் பாட்டுக் கேட்டாள். முதலாளிக்கு வயிறு எரிந்தது.

"அந்த டப்பா எதுல ஒசத்தின்னு சொல்லுடா. சொல்லலேன்னா உனக்கு இங்க வேலை இல்ல!"

"நீங்க ஒரு பாட்டுப் போடுங்கய்யா," என்றான் ஒச்சப்பன்.

இருவரையும் வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் போட்டார். "பாஸ் சத்தத்தைக் கேட்டியா? தரை அதிருதா? ஒயரே சிங்கப்பூர்ச் சரக்குடா!" பாட்டு முடியும்வரை அவர் வாய் மூடவில்லை.

"பாட்டுல அழுதது யாருங்கய்யா, அம்மாவா, மகளா?"

முதலாளி விழித்தார். "மகதாங்க," என்று, அதே பாட்டை ரேடியோவில் கேட்டிருந்த மனைவி சிரித்தாள்.

"என் டப்பாவைப் பத்திப் பேச ஒண்ணுமில்லீங்கய்யா. அதனால பாட்டு காதுல விழுது."

ஒச்சப்பனுக்கு வேலை போகவில்லை. முதலாளிக்கு வயிற்றெரிச்சலும் போகவில்லை.