பிரிக்காத ஓலை

முன்னொரு காலத்தில், வாகையூர் நாட்டை வெற்றிவேழன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் யார் அவன் மீசையைப் புகழ்கிறாரோ, அன்று நீதி அவர் பக்கம் சற்றே சாயும்.

அந்நாட்டில் வழக்காடுவோர் இருவரும் சேர்ந்து ஒரு நடுவரைத் தேர்ந்துகொள்வார்கள். அவர் தீர்ப்பை ஓலையில் எழுதி அனுப்புவார். பிடிக்காதவர், ஓலையைப் படித்த நாள் முதல் ஒரு மண்டலத்துக்குள் அரசனிடம் முறையிடலாம். மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். நாற்பத்தொன்று என்று வாதிடுவோரும் உண்டு. அவர்களோடு இன்னொரு நாள் சண்டையிடலாம்.

அரசவைப் பிரமுகர் சடகோபராயர், ஓலை கைக்கு வந்த அறுபதாம் நாள் முறையீட்டோடு வந்து நின்றார். எதிராளி, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த அழகுநாச்சி. வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எத்தனை நாள் என்பது வழக்கு. முறையீடு வந்த அன்றே மடையை அடைத்துவிட்டார்கள்; அரசன் அதை ஏற்றால் தீர்ப்பு வரும்வரை திறக்கமாட்டார்கள். அதற்குள் கொடிகள் கருகிவிடும்.

"கெடு முடிந்து பன்னிரண்டு நாளாகிறதே, ராயரே?" என்றார் அமைச்சர் செவ்வந்திநாதர். ராயருக்கு அவர்மேல் நெடுநாள் பொறாமை.

"கெடு இன்னும் தொடங்கவே இல்லை, அமைச்சரே! சட்டத்தில் 'படித்த நாள்' என்றுதானே இருக்கிறது? பாருங்கள், இந்த ஓலையின் அரக்கு முத்திரைகூட உடையவில்லை!"

அன்று காலை மீசையைப் புகழ்ந்தவர் ராயர்தான். "சரியாகத்தானே சொல்கிறார்?" என்றான் அரசன். அழகுநாச்சியின் முகம் வெளுத்தது.

அமைச்சர் உருகிப்போனார். "மெத்தச் சரி, மகாராஜா. கொடுத்துவைத்தவர் ராயர்! தீர்ப்பு என்னவென்றே தெரியாமல் இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்."

"நிம்மதியா?" ராயர் சீறினார். "வாரத்தில் நாலு நாள் தண்ணீரை இவளுக்கு எழுதிவைத்துவிட்டான் அந்த நடுவன்! அறுபது நாளாக எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை!"

அவை வெடித்துச் சிரித்தது.

"முத்திரை உடையாமல் எப்படிப் படித்தீர்?" என்றான் அரசன்.

"ஓலையைச் சற்றே வளைத்து… ஓரமாக…"

"எப்போது?"

"வந்த அன்றே" என்று முனகினார் ராயர்.

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தான். "ராயரே, முறையீடு தள்ளுபடி. நீரே போய், உம் கையாலேயே மடையைத் திறந்துவிடும்."

பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, ராயர் சேற்றில் இறங்கி மடைப்பலகையைத் தூக்கினார்.

கொடிக்கால் வரப்பிலிருந்து அழகுநாச்சி குரல்கொடுத்தாள்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி, தண்ணி வருது."