மெத்தையும் பாயும்

இசக்கி இலவம்பஞ்சை உதறி உதறிச் சின்ன மெத்தைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

மெத்தை அமுங்கிப் போயிருந்தது. அமுங்கினால் ஆகாது. மெத்தென்று இருந்தால்தான் பிள்ளை போட்ட இடத்தில் கிடப்பான். இல்லையென்றால் தவழ்ந்து அறைக்குள் போய்விடுவான்.

அறைக்குள் அவள் புருஷன் சங்கிலி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

மூளையில் கட்டி. அறுத்து எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த சத்திரத்தில் தங்கியிருந்ததில் தையலும் ஆறிவிட்டது. அடுத்து கதிர்வீச்சு, அதுதான் கரண்டு, வைக்க நாள் பார்த்திருந்த நேரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டியை எடுத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

அன்றைக்குத் திரும்பிப் படுத்தவன்தான். யாரோடும் பேசவில்லை. கரண்டும் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டான்.

"வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவோம்" என்றார் அவன் அண்ணன் மாசானம். "எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னாங்க. எடுத்த லட்சணம் இதுதானா?"

வேன் பேசிவிட்டார். சாயங்காலம் வரும்.

அதற்கு முன்னால், கட்டியை அறுத்து எடுத்த டாக்டர் எஸ்தர் வருவார்.

அவருக்கு ஒரு வழக்கம். வீட்டுக்குப் போகிற வழியில் சத்திரத்து வராந்தாவில் ஒரு சுற்று. ஆளுக்கு ஒரு கேள்வி. ஒன்றுதான். இரண்டாவது கேட்டால் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிவிடுவார்.

இசக்கிக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. கேட்க வேண்டியதை நெஞ்சுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். டாக்டர் எதிரே வந்து நின்றதும், "அவுகளுக்கு மோர் குடுக்கலாமா?" என்பாள்.

"கொடுக்கலாம்மா."

அவ்வளவுதான். அன்றைய கேள்வி போயிற்று.

"ஏட்டி, இன்னைக்கும் மோருதானா?" பக்கத்து அறை ஆவுடையம்மாள் சீண்டினாள். "உன் கேள்விக்கெல்லாம் மோர் ஊத்தியிருந்தா இந்நேரம் சத்திரமே மிதந்திருக்கும்."

"இன்னைக்கு மோர் இல்லக்கா."

டாக்டர் வந்தார்.

இசக்கி எழுந்து நின்றாள். கையெல்லாம் பஞ்சு.

"எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு சொன்னீங்க. அப்புறம் அது எப்படி டாக்டர் அடுத்த இடத்துக்கு நடந்து போச்சு?"



டாக்டர் செருப்பை மாட்டவில்லை. குனிந்து பிள்ளையைத் தூக்கி, புதுப் பஞ்சு அடைத்த மெத்தையில் குப்புற விட்டார்.

பிள்ளை கையை ஊன்றினான். கை புதைந்தது. காலை உந்தினான். காலும் புதைந்தது. முன்னும் பின்னும் ஆடினான். நகரவில்லை.

டாக்டர் மூலையில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாயை எடுத்தார்.

"ஐயோ, அதுல விடாதீங்க டாக்டர். ஓடிருவான்!"

விரித்து, விட்டார்.

பாயில் முட்டியைக் கொடுத்தான் பாருங்கள், சரசரவென்று மறுமுனைக்குப் போய்விட்டான். இசக்கி ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"பிள்ளை மாறிட்டானா?" என்றார் டாக்டர்.

"இல்லையே."

"அப்ப?"

இசக்கி மெத்தையைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள்.

"கை கால் ஊன்றிக்கிட இடம் கிடைச்சுட்டு."

"மூளையும் உன் மெத்தை மாதிரிதாம்மா. ரொம்ப மெத்து. இந்தக் கட்டி என்ன செய்யுது தெரியுமா? தான் போறதுக்குத் தானே பாய் முடைஞ்சு விரிச்சுக்கிடுது."

டாக்டர் பாயின் முனையைத் தட்டிக் காட்டினார்.

"கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டியை எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாம அதுல கொஞ்சம் முன்னாலேயே பாயைப் பிடிச்சுக் கிளம்பியிருக்கு."

"அந்தப் பாயைச் சுருட்ட முடியாதா?"

இரண்டாவது கேள்வி. ஆவுடையம்மாள் டாக்டரின் செருப்பைப் பார்த்தாள். டாக்டர் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"முடியணும். எப்படின்னுதான் படிச்சுக்கிட்டு இருக்கோம். இன்னும் பிடிபடல."

"அப்ப இன்னைக்கு என்ன முடியும்?"

"கட்டி இருந்த இடத்துல மட்டுமில்ல, சுத்தி அது போற வழியிலயும் கரண்டு வைக்கலாம். மாத்திரை குடுக்கலாம். காலம் கொஞ்சம் கூடும். எவ்வளவுன்னு பொய் சொல்லமாட்டேன்."

"வைங்க."

"நீ சொல்லி ஆகாதும்மா. அவர் சொல்லணும். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவரை நான் தூக்கிட்டுப் போக முடியாது."

இப்போதுதான் செருப்பை மாட்டினார்.

அவர் தெருவில் இறங்கவும் வேன் வரவும் சரியாக இருந்தது.

"கிளம்பும்மா" என்று மாசானம் படியேறினார். "மெத்தையைச் சுருட்டு."

இசக்கி மெத்தையைச் சுருட்டினாள். சுருட்டிக் கொடியின்மேல் தூக்கிப் போட்டாள்.

பிறகு பாயை இழுத்தாள். ஒரு முனை வராந்தாவில். மறுமுனை வாசற்படியைத் தாண்டி அறைக்குள், கட்டிலடி வரைக்கும்.

பிள்ளையை இந்த முனையில் விட்டாள்.

"என்னம்மா செய்தே? தம்பி தூங்குதான்லா!"

"தூங்கல அத்தான். முழிச்சுத்தான் கிடக்காக."

சரசரவென்று சத்தம் உள்ளே போயிற்று.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இசக்கி மாசானத்தின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. இன்றைக்குப் பார்த்தாள்.

"வேனைத் திருப்பி அனுப்பிருங்க."

"யாரைக் கேட்டு? படுத்திருக்கிறவனே வேண்டாங்கான். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். இந்தப் படியிலேயே நின்னு அனுப்புதேன்."

"சொல்லுவாக."

"சொல்லலன்னா?"

"சொல்லாட்டி, நாளைக்கும் பாய் விரிப்பேன். நாளன்னைக்கும் விரிப்பேன். அவுக இந்தப் பக்கம் திரும்புற மட்டும் நான் இந்த வாசலை விட்டு..."

"ஏ இசக்கி!"

உள்ளேயிருந்து சங்கிலியின் குரல்.

"இசக்கி! இங்க வாயேன். பய என் கையைப் பிடிச்சு எந்திரிச்சு நிக்கான், விட்டா விழுந்துருவான், சீக்கிரம்"

அவள் சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டு, பாயை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.