காப்பு ஏறிய கை

முன்னொரு காலத்தில் வச்சிரபாகு என்று ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டுக்கு என்று கேட்காதீர்கள், அவர் சூதாடிய வேகத்துக்கு நாடு மிஞ்சுமா என்பதே சந்தேகமாக இருந்தது. தினமும் விளக்கு வைத்ததும் தந்தப் பகடைகளை எடுத்துவிடுவார். அவர் உருட்டினால் பொழுதுபோக்கு, ஊரான் உருட்டினால் சூது. இந்த நியாயத்தைச் சொல்லிக்கொடுத்தவர் கூடவே உட்கார்ந்து ஆடுகிற பிரதானி நல்லுருத்திரர்.

யானைப்பாகன் மாதப்பன் ஒருமுறை சந்தையில் பகடை உருட்டி, பெண்டாட்டியின் கொலுசைத் தோற்றான். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனாலும் சேதி பிரதானியின் காதுக்கு எட்டிவிட்டது.

"சூதாட்டம் பிறவிக் குணம், மகாராஜா. பொறுமையற்றவன், தோல்வி தாங்காதவன், விட்டதைப் பிடிப்பேன் என்று அடம்பிடிப்பவன், இவனே சூதாடி. இத்தகையவனை நாட்டில் வைக்கலாகாது" என்றார் அவர். ராஜாவும் தலையாட்டிவிட்டு, மாதப்பனைக் குடும்பத்தோடு எல்லைக்கு அப்பால் துரத்தச் சொன்னார்.

விகடகவி கூத்தபிரானுக்குப் பொறுக்கவில்லை. இந்தக் குணமெல்லாம் மாதப்பனிடம் இருப்பதை யார் பார்த்தது என்று சபையில் எழுந்து கேட்டான். ராஜாவுக்கு முகம் சிவந்தது. கூத்தபிரானை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருந்த பிரதானி, அப்படியானால் அவனே கண்டுபிடித்துக் காட்டட்டுமே என்று எடுத்துக்கொடுத்தார்.

"நாளைச் சபையில் அந்தக் குணம் உள்ளவனைக் காட்டு. அவன் யாராயினும் கையில் காப்பு ஏறட்டும். காட்டத் தவறினால் மாதப்பனோடு நீயும் எல்லை தாண்டு" என்றார் ராஜா. அவர் நினைத்த காப்பு இரும்பு விலங்கு. ராஜாவைக் காட்டினால் தலை போகும், காட்டாவிட்டால் ஊர் போகும். பிரதானி அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அது அம்மன் திருவிழாக் காலம். ஊரில் எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. ராஜாவும் பிரதானியும் மட்டும் கட்டிக்கொள்ளவில்லை, கட்டினால் பகடையைத் தொடக் கூடாதே. துரத்தப்படப் போகிறவன் என்பதால் மாதப்பனுக்கும் கட்டவில்லை.

மறுநாள் கூத்தபிரான் சபைக்கு வந்து, குணம் கண்ணுக்குத் தெரியாது, பகடையை நடுவில் போட்டால் தானே வெளியே வரும், மகாராஜா மாதப்பனோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். ராஜாவுக்குக் கசக்குமா? தன் மோதிரத்தைக் கழற்றி வைத்தார். மாதப்பன் அங்குசத்தை வைத்தான். ஆட்டத்தில் தோற்றவர் ராஜா.

மாதப்பன் எழுந்துவிட்டான். "போதுங்க சாமி. மோதிரத்த நீங்களே வச்சுக்குங்க. ஆனைக்குத் தழை வெட்டணும்."

"உட்கார். இன்னும் ஒரே ஓர் ஆட்டம். விட்டதைப் பிடிக்காமல் நான் எழ மாட்டேன்" என்றார் ராஜா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கூத்தபிரான் நேராகச் சிம்மாசனத்துக்கு முன்னால் போய் நின்றான். வணங்கவில்லை.

"கையை நீட்டுங்கள், மகாராஜா."

ராஜத் துரோகம் என்று பிரதானி கத்தினார். கூத்தபிரான் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான் யாரையும் காட்டவில்லை. குணமே வாய் திறந்து பேசியது. யாராயினும் என்றது தங்கள் வாக்கு. மாதப்பன் கையில் ஏறும் காப்பு மகாராஜா கையில் ஏறாது என்றால், அதைச் சபையறியச் சொல்லுங்கள். என் தலையை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன்."

ராஜா கையை நீட்டி, "என் நாட்டிலிருந்து என்னையே துரத்துவாயா?" என்று கேட்டார்.

கூத்தபிரான் மடியிலிருந்து எடுத்தது விலங்கல்ல, மஞ்சள் கயிறு. அதை ராஜாவின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினான்.

"ஆணையில் காப்பு என்றுதான் இருந்தது, இரும்பு என்று இல்லை. அம்மன் காப்பு ஏறியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. தாங்கள் எங்கும் போக முடியாது. சூதும் தொட முடியாது. சந்தையில் ஒருநாள் இந்தக் குணத்துக்கு ஆட்பட்ட மாதப்பனுக்கும் இதே காப்புதான்" என்று அவன் கையிலும் ஒன்றைக் கட்டினான். பிறகு பிரதானியைப் பார்த்து, காதில் கிடந்த கடுக்கன் எங்கே என்று விசாரித்தான். ராஜாதான் ஜெயிப்பார் என்று பக்கத்தில் இருந்த வெளியூர்க்காரரிடம் பந்தயம் கட்டி, அதைத் தோற்றிருந்தார் பிரதானி. மூன்றாவது கயிறு அவர் கைக்குப் போயிற்று.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாதப்பனைத் துரத்தும் ஆணையைத் தள்ளிவிட்டு, மோதிரத்தை அவன் பெண்டாட்டியின் கொலுசுக்கு ஈடாகக் கொடுத்தார். கூத்தபிரானுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, அவன் அந்தத் தந்தப் பகடைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

திருவிழா முடிந்தது, காப்பு அவிழ்ந்தது. அன்று சாயங்காலமே ராஜாவுக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. கூத்தபிரானைக் கூப்பிட்டு, ஒரே ஓர் ஆட்டத்துக்கு அந்தப் பகடைகளைக் கடன் தரச் சொன்னார்.

"என்னிடம் இல்லையே, மகாராஜா. தந்தம் யாருடையதோ அவரிடமே கொடுத்துவிட்டேன். கொட்டடியில்தான் நிற்கிறார், வலது முன்னங்காலுக்கு அடியில் தேடிப் பாருங்கள்."

ராஜாவுக்கு அன்றும் சிரிப்பு வந்தது. ஆனால் யானையின் காலுக்கடியில் குனிந்து விட்டதைப் பிடிக்கிற தைரியம் மட்டும் வரவில்லை.