எட்டு கெஜக் கட்டத்துணி

வல்லக்குளம் ஜமீன் ராஜா எர்ரம நாயக்கருக்கு முழங்கால் தெரிய உடுத்த வேண்டும் என்ற ஆசை ஐம்பத்து மூன்றாம் வயதில் வந்தது.

எல்லாம் மக்ராபி துரையால் வந்த வினை. துரை ஸ்காட்லாந்துக்காரர். கலெக்டர் கொடுத்த விருந்துக்கு அவர் கால்சட்டை போடாமல், கட்டம் போட்ட கம்பளித் துணியை இடுப்பில் மடிப்பு மடிப்பாகச் சுற்றிக்கொண்டு வந்தார். அதற்குக் கில்ட் என்று பெயராம். ஒருவரும் சிரிக்கவில்லை. கலெக்டரே எழுந்து நின்றார். ராஜாவுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

துரை விவரமும் சொன்னார். அவர் நாட்டில் குலத்துக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்கு டார்ட்டன் என்று பெயர். ஒரே கட்டத்தை மூன்று சாயத்தில் நெய்வார்கள்: பளிச்சென்ற புதுச்சாயம், வெளிறிப்போன பழஞ்சாயம், மண்ணில் புதைத்து எடுத்த மாதிரி ஒரு மங்கல் சாயம்.

"ஐப்பசியிலே நம்ம அரண்மனை விருந்துக்கு வாங்க துரை. என் குலத்துக் கட்டத்தைக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார் ராஜா. அவர் குலத்துக்கு அப்படி ஒரு கட்டமே கிடையாது.

துணி தேர்ந்தெடுக்கும் வேலை இரண்டு பேர் தலையில் விழுந்தது. ஒருவர் ராயசம் குழந்தைவேலு. அரண்மனைக் கடிதங்களை எழுதுவதும் வருகிற கடிதங்களைப் படிப்பதும் அவர் உத்தியோகம். மற்றவர் ஜமீன் நிர்வாகம் பார்க்கும் பேஷ்கார் ஆபத்சகாயம். அரண்மனையில் எதுவும் தன்னைக் கேட்காமல் நடக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

கம்பளி வேண்டாம் என்பது முதல் நாளே முடிவாயிற்று. ராஜா அரைமணி நேரம் உடுத்திப் பார்த்துவிட்டு அரைநாள் சொறிந்துகொண்டிருந்தார். ஆகவே பருத்தி. சாயம்? "வெளிறினதெல்லாம் எனக்கு எதுக்கு? புதுச்சாயமே இருக்கட்டும்" என்றார். கட்டம்? குழந்தைவேலு காட்டிய பன்னிரண்டு மாதிரிகளையும் பேஷ்கார் ஒதுக்கித் தள்ளினார். சிவப்பில் பச்சைக் கட்டம், நடுவே ஒற்றை மஞ்சள் கோடு என்று தாமே ஒன்றை வரைந்து கொடுத்தார்.

"மூணு நாள் யோசிச்சு வரைஞ்சேன் மகாராஜா. இப்படி ஒண்ணு உலகத்திலேயே கிடையாது."

நெசவாளி அந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்தார். எட்டு கெஜத்தையும் இரண்டே நாளில் நெய்து கொடுத்துவிட்டார். எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

விருந்து நாள் வந்தது. ராஜா கில்ட் கட்டிக்கொண்டு மண்டபத்தில் நின்றார். "எடுப்பா இருக்கு" என்றார் பேஷ்கார். அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் பூச்சிமுத்து சாம்பார் அண்டாவோடு உள்ளே வந்தார்.

அவர் இடுப்பில் கைலி. சிவப்பில் பச்சைக் கட்டம், நடுவே ஒற்றை மஞ்சள் கோடு. வெளிறிப்போயிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.



"என் துணியை இவன் எப்படிய்யா கட்டினான்?" என்றார் ராஜா.

பேஷ்காருக்கு வேர்த்துவிட்டது. "களவு மகாராஜா! நான் வரைஞ்சதைத் திருடியிருக்கான். குடும்பத்தோட ஊரைவிட்டு விரட்டணும்."

"சாமி, இது மூணு வருசத்துக்கு முந்திச் சந்தையில எடுத்ததுங்க. எங்க தெருவுல பாதிப்பேரு இதைத்தான் கட்டுறாங்க" என்றார் பூச்சிமுத்து.

தினமும் தெருவில் பார்த்ததைத்தான் பேஷ்கார் தம்முடைய யோசனை என்று நினைத்து வரைந்திருக்கிறார். அதை அந்த நேரத்தில் யார் சொல்வது?

ராஜாவின் மீசை துடித்தது. "துரை இப்ப வந்துடுவார். பார்த்துச் சிரிச்சா என் மானம் போச்சு. விருந்து முடிஞ்சதும் இவன் குடும்பத்தோட எல்லை தாண்டணும்!"

பூச்சிமுத்து அண்டாவைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். குழந்தைவேலு முன்னால் வந்தார். கட்டத்து வழக்கம் பற்றித் துரை எழுதிய கடிதங்களை ஒன்று விடாமல் படித்தவர் அந்த அரண்மனையில் அவர் ஒருவர்தான்.

"மகாராஜா, தண்டனையைத் துரைகிட்டேயே கேட்டுடலாம். கட்டத்து வழக்கம் அவங்க ஊருதுதானே? பூச்சிமுத்துவே பரிமாறட்டும். துரை சிரிச்சா அவனோட நானும் எல்லை தாண்டுறேன்."

பேஷ்கார் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

துரை வந்தார். ராஜாவின் கையைக் குலுக்கினார். இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பூச்சிமுத்து சாம்பார் ஊற்றக் குனிந்தபோது குழந்தைவேலு கேட்டார்: "துரை அவர்களே, உங்க நாட்டிலே குலத்தலைவர் கட்டத்தை அவரோட சமையல்காரர் உடுத்தினா என்ன தண்டனை?"

துரை முன்ஷி வாத்தியார் வைத்து ஏட்டுத் தமிழ் படித்தவர். "தண்டனையா? விந்தையான வினா! தலைவன் கட்டத்தை அவன் குடிகள் யாவரும் உடுத்துவர். ஒருவரும் உடுத்தாவிடில் அவன் எங்ஙனம் தலைவன் ஆவான்?"

ராஜாவின் மீசை நிமிர்ந்தது. "கேட்டீரா பேஷ்கார்? பாதித் தெரு கட்டுதாம்! ஊரே நம்ம குலம்!"

பூச்சிமுத்துவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

துரை அதோடு விட்டிருக்கலாம். கைலியை உற்றுப் பார்த்தார். "ஆகா! இதுவன்றோ பழஞ்சாயம்! எம் நாட்டுச் சாயக்காரர் எத்துணை முயன்றும் இவ்வெளிறல் வாராது. பரம்பரையாக உடையவர்க்கே வாய்க்கும்" என்று எழுந்து, பூச்சிமுத்துவுக்குத் தொப்பியைக் கழற்றினார்.

தனக்குத் தொப்பியைக் கழற்றவில்லை என்பது ராஜாவுக்கு உறைத்தது. சாப்பாடு இறங்கவில்லை. குழந்தைவேலுவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"என்னய்யா இது, அவன் முன்னாடி நான் நேத்து வந்தவன் மாதிரி இருக்கேன்! எனக்கும் அந்தச் சாயம் வேணும். அவனோடதைப் பிடுங்கிக் கட்டவும் முடியாது. வழி சொல்லும்."

"சுலபம் மகாராஜா. இதே துணியைத் தினமும் கட்டிக்கிட்டு அடுப்படியிலே நிக்கணும். புகை படணும், வேர்வை படணும், ஆத்திலே அடிச்சுத் துவைக்கணும். மூணு வருஷத்திலே வந்துடும்."

"நான் அடுப்படியிலே நிக்கிறதா?"

"மகாராஜா எதுக்கு நிக்கணும்? துணி நின்னாப் போதும். ஆனா மகாராஜா துணி கண்டவங்க இடுப்பிலே ஏறலாமா? வரைஞ்சவரே கட்டிக்கிறதுதான் மரியாதை."

ராஜா பேஷ்காரைப் பார்த்தார். பேஷ்கார் இலையைப் பார்த்தார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். விஷயம் புரியாவிட்டாலும் துரையும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். குழந்தைவேலுவுக்கு ஒரு ஜோடி சால்வை கிடைத்தது.

மறுநாள் காலையில் பேஷ்கார் எட்டு கெஜத்தையும் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய் நின்றார். பூச்சிமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு கூடை வெங்காயத்தை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.